மூன்றாவது விசில்

சனிக்கிழமை காலை எட்டு பதினேழுக்கு நிரஞ்சனி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். எட்டு பதினெட்டுக்கு எடுத்தாள்.

"கார்த்திகா, நாப்பத்தேழு செத்துப்போச்சு."

பின்னால் கார்த்திகா, பாலில்லாத தேநீரான தே ஓ பாக்கெட்டோடு நின்றிருந்தாள். ஆய்வகத்துக்குள் யாராவது தேநீரோடு வந்தால் நிரஞ்சனி தெருவரை துரத்துவாள். இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிலேயே நிலைமை தெரிந்துவிட்டது.

நாற்பத்தேழு ஆளில்லை. ஓர் ஆன்டிபாடி.

உடம்பில் கட்டி வந்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே கூட்டமாக ஓடிவரும். அந்தச் சதையை மெலிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லா அணுவும் ஒரே மாதிரி நீலப் பொட்டுதான். பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தை ஹெலிகாப்டரில் இருந்து பார்ப்பதுபோல. யார் காவடி, யார் போலீஸ், யார் பிக்பாக்கெட் என்று ஒன்றும் புரியாது. ஆன்டிபாடி அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து ஒரே ஒரு வகை ஆளை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும். பிறகு சாயத்தை ஊற்றினால் அந்த ஆள் மட்டும் பழுப்பு நிறத்தில் மாட்டிக்கொண்டு நிற்பான்.

நாற்பத்தேழு தேடியது சமாதானக்கார அணுவை. மற்ற அணுக்கள் கட்டியோடு மல்லுக்கட்டும்போது நடுவில் நுழைந்து, "போதும்லா, விடு" என்று அடக்கிவிடும் ஆசாமி அது. இவர்கள் கூட்டம் அதிகமானால் புற்றுநோய்க்குக் கொண்டாட்டம். அதனால் டாக்டர்களுக்குத் தலை எண்ணிக்கை தேவை.

இரண்டு வருடம், தொண்ணூற்றாறு முயற்சிகள். அதில் நாற்பத்தேழாவது ஒன்றுதான் சரியான ஆளைப் பிடித்தது. இன்று மாலை ஐந்து மணிக்கு டாக்டர் வீரசிங்கம் வருகிறார். முப்பத்து நாலு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மைக்ராஸ்கோப்பில் சதை பார்த்த மனிதர். சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. பெயர் இல்லாமல் வெறும் எண் போட்டுப் பன்னிரண்டு கண்ணாடிகளைக் கொடுத்திருந்தார். எதில் எத்தனை சமாதானக்காரர்கள் என்பது அவருக்குத் தெரியும். இவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த ஆன்டிபாடி ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். சொல்லாவிட்டால் சாக்கடைக்குப் போகும். திங்கட்கிழமையில் இருந்து மொத்த ஆய்வகமும் கர்ப்பப் பரிசோதனைக் குச்சி செய்யும். முதலாளி ஜெயந்திரன் குச்சிக்குப் பெட்டிகூட அச்சடித்து வைத்திருந்தார்.

நேற்று ஆறு கண்ணாடிகளுக்குச் சாயம் ஏற்றி ஐந்தைப் பார்த்தாகிவிட்டது, இப்போது பார்த்தது ஆறாவது. ஆறிலும் ஒரு பழுப்புப் புள்ளி இல்லை. மிச்சம் ஆறு.

"சாபோட்டாஜ்! சதி!" என்றபடி ஜெயந்திரன் உள்ளே வந்தார். பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அந்தக் கம்பெனியை ஒன்பது வருடமாக நடத்துபவர். ஒன்பது வருடமாகவே யாரோ தன்னை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. "டெங்கில்ல இருக்குற போட்டிக் கம்பெனிக்காரன் வேலை இது. சதீஷ்குமார் நம்மள விட்டுட்டு அங்க வேலைக்குப் போனான்ல? ஆயுத பூஜைக்கு இங்க வந்தான்ல? சுண்டல் தின்னான்ல?"

"நீங்கதான் பாஸ் கூப்பிட்டீங்க," என்றாள் கார்த்திகா.

"அதான் நான் செஞ்ச ஒரே தப்பு! சிசிடிவி இருக்கு. பாக்குறேன்." கதவு அறைந்து சாத்தப்பட்டது.

நிரஞ்சனி உட்காரவில்லை. செத்த உடம்பைப் பார்க்காமல் கொலை என்று எழுதுவது அவள் வழக்கமில்லை. சமாதானக்கார அணுவின் புரதத்தைத் தனியாக ஒரு துண்டுத் தாளில் சொட்டு வைத்து, அதன்மேல் நாற்பத்தேழை ஊற்றினாள். முக்கால் மணி நேரத்தில் தாளில் பழுப்பாக ஒரு வட்டம் எழுந்தது.

"உசுரோட இருக்கு!" கார்த்திகா கத்தினாள். "அப்ப ஏன் அக்கா கண்ணாடில ஒட்டல?"

"சாவி நல்லாத்தான் இருக்கு. கதவு திறக்கல."

கதவு என்றால் இதுதான். ஆஸ்பத்திரியில் சதையைப் பார்மலினில் ஊறப்போடுவார்கள். அது கெட்டுப்போகாது. ஆனால் உள்ளே இருக்கும் புரதமெல்லாம் ஒன்றோடொன்று பின்னிப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டைத் திறக்க, கண்ணாடியை லேசான புளிப்புக் கரைசலில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். அதற்குப் பல ஆய்வகங்களில் பயன்படுவது சாதாரண பிரஷர் குக்கர். இந்த ஆய்வகத்துக் குக்கரைத் தேர்ந்தெடுத்தது, நேரம் பிடித்தது எல்லாம் கார்த்திகா. திருச்சியில் இருந்து வேலை பெர்மிட்டில் வந்தவள். சமையலில் கெட்டிக்காரி.

நிரஞ்சனி நேற்றைய கண்ணாடிகளை மறுபடி பார்த்தாள். பக்கத்தில் தனிக் கண்ணாடியில், ஒப்பிடுவதற்காக, கடையில் வாங்கிய ஆன்டிபாடி ஒன்றையும் போட்டிருந்தார்கள். அது அரைகுறையாகத் திறந்த கதவிலும் நுழையும் முரட்டு ஜாதி. அதனால் அதன் அணுக்கள் பழுப்பாகத்தான் இருந்தன. ஆனால் வழக்கமான பழுப்பு இல்லை. பால் கூடிப்போன தேநீர் நிறம்.

"நேத்து எவ்வளவு நேரம் வேக வச்ச?"

"மூணு விசில் அக்கா."

"சரி. எவ்வளவு நேரம்?"

"மூணு விசில்."

"நிமிஷம் கார்த்திகா, நிமிஷம்!"

கார்த்திகா செய்முறைக் கோப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் நிரஞ்சனியின் கையெழுத்தில், நிரஞ்சனியின் கையொப்பத்தோடு, 'மூன்றாவது விசில் வரை' என்று எழுதியிருந்தது. இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பை மூடினாள்.

"நேத்து மூணும் சீக்கிரமா வந்துருச்சுக்கா. அட, சமத்துக் குக்கரேன்னு சந்தோஷப்பட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் குக்கரைப் பார்த்தார்கள். மூடிமேல் விசில் அடிக்கும் வெயிட் உட்கார்ந்திருந்தது. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜையன்று வைத்தது. பத்து நாளாக யாரும் துடைக்கவில்லை. அதன் பிறகு நேற்றுதான் குக்கர் முதல் தடவை அடுப்பேறியது.

கார்த்திகா அதைக் கையில் எடுத்தாள். முகம் மாறியது. "இது நம்மளோடது இல்லக்கா. நம்ம வெயிட்டு கனமா இருக்கும். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நான்தான் ஒரு தடவ கீழ போட்டேன். இது லேசா இருக்கு."

லேசான வெயிட் சீக்கிரம் தூக்கும். சீக்கிரம் விசில் அடிக்கும். சூடு ஏறுவதற்குள் மூன்றும் முடிந்துவிடும். கதவு பாதிதான் திறக்கும்.

"அப்ப நம்ம வெயிட் எங்க?"

யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. பதில் பத்து நாளாக அவர்கள் தட்டில்தான் இருந்தது.

பேன்ட்ரியில் தேநீர் போடும் வள்ளியம்மாதான் கிள்ளானில் இருந்து எல்லோருக்கும் மதியச் சாப்பாடு சமைத்து எடுத்து வருவார். ஆயுத பூஜையன்று தன் வீட்டுக் குக்கரையும் கொண்டுவந்து இங்கேயே சுண்டல் அவித்தார். அன்று மைக்ராஸ்கோப், தராசு, கத்தரி, இரண்டு குக்கர் என்று எல்லாவற்றையும் கழுவி மேசையில் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்தார்கள். அதற்கு மறுநாளில் இருந்து வள்ளியம்மாவின் சாதம் கஞ்சி. சாம்பாரில் பருப்பு மட்டுமில்லை, கத்தரிக்காயும் காணாமல் போனது. அரிசிக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவர் தினமும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"நாம பத்து நாளா துப்பைத் தின்னுட்டு இருந்திருக்கோம்," என்றாள் நிரஞ்சனி.

போன் போட்டாள். எடுக்கவில்லை. கடைசிப் புரட்டாசிச் சனி. வள்ளியம்மா லீவு. வீட்டில் பெருமாளுக்குப் படையல்.

இந்த வெயிட்டிலேயே இன்னும் சில விசில் கூட்டினால் என்ன என்று கார்த்திகா கேட்டாள். எத்தனை? நான்கா, ஏழா? ஒரு சோதனை முடிய மூன்றரை மணி நேரம். குறைந்தால் ஒட்டாது, கூடினால் சதையே கண்ணாடியை விட்டு உரிந்து மிதக்கும். இருப்பது ஆறு கண்ணாடி. ஒரு மணிக்குள் குக்கர் அடுப்பில் ஏறினால்தான் ஐந்து மணிக்குக் காட்ட முடியும்.

மணி பத்து ஐந்து. நிரஞ்சனி தன் மைவி காரின் சாவியை எடுத்தாள். கார்த்திகா அந்த லேசான வெயிட்டை எடுத்தாள்.

பெடரல் ஹைவேயில் ஷா ஆலம் வரைக்கும் தீபாவளி ஷாப்பிங் கூட்டம். பதினொன்று இருபதுக்கு கிள்ளான் பண்டமாரானில் அந்த வீட்டு வாசலில் கார் நின்றது. இறங்கும்போதே உள்ளே இருந்து ஒரு விசில் கேட்டது. கனமான, நிதானமான, அவர்களுக்கு நன்றாகப் பழக்கமான விசில்.

"நம்ம குரல்தான்கா!" என்றாள் கார்த்திகா, தொலைந்த பிள்ளையைக் கண்டவள்போல.

வள்ளியம்மா நெற்றி நிறைய நாமத்தோடு வந்தார். "அலாமாக்! டாக்டரம்மா! படையலுக்கு வந்தீங்களா? உக்காருங்க, கடலை வெந்துட்டு இருக்கு."

விஷயத்தை நிரஞ்சனி ஒரே மூச்சில் சொன்னாள். வெயிட் மாறிவிட்டது, எங்களுடையது உங்களிடம், உங்களுடையது இதோ.

வள்ளியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே! அரிசிக்காரனை நான் என்னென்ன சொல்லியிருக்கேன்! எடுத்துட்டுப் போங்கம்மா முதல்ல."

"யாரு எடுத்துட்டுப் போறது?"

ஹாலில் நாற்காலியில் இருந்து குரல் வந்தது. வள்ளியம்மாவின் கணவர் தம்புசாமி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுந்து வந்து அடுப்படி வாசலில் கிரேன் மாதிரியே குறுக்கே நின்றார்.

"பல் செட்டு போட்டு ஒன்னேகால் வருஷம் ஆச்சு. இவ அவிக்கிற கடலை ஒவ்வொன்னும் கோலிக்குண்டு. கடிச்சா பல்லு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இந்தப் பத்து நாளாத்தான் மனுஷன் மாதிரி சாப்பிடுறேன். அது எங்க வீட்டு ராசி வெயிட்டு. குடுக்க மாட்டேன்."

"அங்கிள், புற்றுநோய் ஆராய்ச்சி அங்கிள்," என்றாள் நிரஞ்சனி.

"ஆராய்ச்சிக்கு வேற வாங்கிக்கலாம். எனக்குப் பல்லு வேற முளைக்குமா?"

"இவரு கெடக்குறாரு," என்ற வள்ளியம்மா கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துக் குக்கர் இன்னொரு விசில் அடித்தது. ஆவி அடங்காமல் வெயிட்டைத் தொட்டால் கடலை கூரையில் போய்ப் படையலாகும். நால்வரும் காத்திருந்தார்கள். பதினொன்று முப்பத்தைந்து. கார்த்திகா குழாயைத் திறந்து குக்கர் மேல் தண்ணீர் விட்டாள். குக்கர் சீறியது.

அந்தச் சீறலுக்கு நடுவில் வள்ளியம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆமா, அங்க உங்க குக்கர்ல என்ன வேக வைப்பீங்க? பாட்டில் கழுவத்தானே அது?"

பொய் சொல்லியிருக்கலாம். 'ஆமா, பாட்டில்' என்று தலையாட்டிவிட்டு வெயிட்டோடு கிளம்பியிருந்தால் பதினொன்று நாற்பதுக்கு கார் ஹைவேயில் இருந்திருக்கும். ஆனால் ஹாலில் வாழை இலை விரித்திருந்தது. பெருமாள் படத்துக்குத் துளசி மாலை போட்டிருந்தது. ஒரு மாதமாக முட்டைகூடத் தொடாத பெண் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்.

"சதை, அக்கா. ஆஸ்பத்திரியில இருந்து வர்றது. மெல்லிசா சீவினது. பெரும்பாலும் சோதனைக்குப் போடுற டான்சில், தொண்டைச் சதை."

"ஆட்டு டான்சிலா?"

"ஆளுங்களோடது."

கார்த்திகா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குழாயை மூடினாள்.

"வெயிட் மூடிக்கு வெளியதான் இருக்கும் அக்கா. ஆவி மட்டும்தான் படும். எதையும் தொடாது. பூஜைக்குச் சோப்பு போட்டுக் கழுவினது," என்று நிரஞ்சனி அவசரமாக அடுக்கினாள். "ஆனா நீங்க கேட்டீங்க. படையல் வேற. மறைக்கத் தோணல."

வள்ளியம்மா வாழை இலையைப் பார்த்தார். பெருமாளைப் பார்த்தார். பிறகு இடுக்கியை எடுத்து, ஆவி அடங்கிய குக்கரில் இருந்து வெயிட்டைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கி, நிரஞ்சனி விரித்த துணியில் போட்டார்.

"தெரியாம செஞ்சது. பெருமாள் மன்னிப்பாரு. தெரிஞ்சு படைச்சா மன்னிக்க மாட்டாரு. கார்த்திகா, என் வெயிட்டைக் குடு. வேற கடலை போடுறேன். இந்தக் கடலையைக் கொட்டிடு."

"எதுக்குக் கொட்டணும்?" தம்புசாமி குக்கரை அணைத்துக்கொண்டார். "எனக்கு டான்சில் எடுத்து நாப்பது வருஷம் ஆச்சு. கொஞ்சம் உள்ள போனா கணக்கு நேராயிடும்."

சிரிக்க நேரமில்லை. பதினொன்று ஐம்பது.

திரும்பும் வழியில் சுபாங் தாண்டும்போது ஜெயந்திரனின் போன். குரல் கிசுகிசுத்தது.

"நிரஞ்சனி, ஆள் மாட்டிட்டான். பூஜை அன்னிக்கு, காலையில பத்து நாப்பத்திரண்டு. மேசையில ஒரு கை வருது. ரெண்டு குக்கர் வெயிட்டையும் எடுக்குது. சந்தனம் வைக்குது, குங்குமம் வைக்குது. திருப்பி வைக்கும்போது மாத்தி வைக்குது! எப்படிப்பட்ட கிரிமினல் பாரு. மூஞ்சி தெரியல. கை மட்டும்தான்."

"கையில ஏதாவது அடையாளம் இருக்கா பாஸ்?"

"இருக்கு. தங்கக் கடிகாரம். சுண்டு விரல்ல பச்சைக்கல் மோதிரம்."

நிரஞ்சனியும் கார்த்திகாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்கள்.

"பாஸ், உங்க வலது கையை ஒரு தடவ பாருங்களேன்."

போனில் கடிகாரம் மேசையில் இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்னக் குரல்: "மேசை அழகா இருக்கணும்னு நினைச்சேன்லா. பெரிய பொட்டு பெரிய குக்கருக்கு..." தொடர்பு அறுந்தது.

துன் சம்பந்தன் சாலையில் கார் நகரவில்லை. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. கார்த்திகா கதவைத் திறந்து, துணி மூட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முறுக்கு வாங்க நின்ற கூட்டத்துக்குள் பாய்ந்து ஓடினாள். நிரஞ்சனி காரை எங்கேயோ சொருகிவிட்டு மூன்று மாடி ஏறி வந்தபோது ஆறு கண்ணாடிகளும் குக்கருக்குள் இருந்தன. நசுங்கிய வெயிட் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. கார்த்திகா ஒரு கையில் ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்தாள்.

"மூடி ரப்பருக்கு அடியில சூடு அளக்குற மெல்லிசு கம்பியும் விட்டிருக்கேன்கா. இனிமே நீங்க நிமிஷம்னு கேட்டா எனக்குப் பதில் இருக்கணும்."

முதல் விசில். இரண்டாவது விசில். ஜெயந்திரன் தன் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப்பார்த்தார். வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. மூன்றாவது விசில்.

ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் டாக்டர் வீரசிங்கம் வந்தார். வணக்கம் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்து கையை நீட்டினார்.

நிரஞ்சனி முதலில் நேற்றைய ஆறு கண்ணாடிகளை எடுத்தாள். ஜெயந்திரன் பின்னால் நின்று இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். பச்சைக்கல் மோதிரம் மின்னியது.

"இது ஆறும் ஃபெயில் டாக்டர். காரணம் அப்புறம் சொல்றேன். இது இன்னிக்குச் செஞ்ச ஆறு. எங்க எண்ணிக்கை இந்தத் தாள்ல இருக்கு."

அவர் பார்த்தார். ஒவ்வொன்றாக. பையிலிருந்து தன் தாளை எடுத்து அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பத்தாம் எண் போட்ட கண்ணாடியில் வெகுநேரம் நின்றார். நீலக் கூட்டத்துக்கு நடுவே, தனித்தனியாக, தேங்காய் எண்ணெயில் வறுத்த கடுகு மாதிரி, சமாதானக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறுக்கு ஆறு," என்றார். "நேத்து என்ன கோளாறு?"

நிரஞ்சனி வெயிட்டை மேசைமேல் வைத்தாள். நசுங்கலுக்குள் சந்தனக் கறை கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆயுத பூஜையில் ஆரம்பித்துக் கிள்ளான் கடலை வரை ஒன்று விடாமல் சொன்னாள். யாருடைய கை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. டாக்டர் ஜெயந்திரனின் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு விசில்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான் டாக்டர்."

"எங்க படிச்ச?"

நிரஞ்சனி பதில் சொல்வதற்குள் கார்த்திகா முன்னால் வந்தாள். "இருபத்தொரு நிமிஷம் நாப்பது செகண்டு சார். உச்சத்துல நூத்திப் பத்தொம்போது டிகிரி. இன்னிக்கு அளந்துட்டோம்."

வீரசிங்கம் பேனாவைத் திறந்தார். "ஆன்டிபாடி பாஸ். குக்கர் ஃபெயில். அந்த ஆறு கண்ணாடியும் புதுசா சீவி திங்கக்கிழமை அனுப்புறேன். அதுவும் சரியா வந்தா ஆஸ்பத்திரிக்கு எழுதுறேன். செய்முறையை மாத்தி எழுது. அதுல விசில்னு ஒரு வார்த்தை இருந்தாலும் என் கையெழுத்து கிடைக்காது."

ஜெயந்திரன் மெல்ல நகர்ந்து, கர்ப்பப் பரிசோதனைக் குச்சிப் பெட்டிகளைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

அப்போது நிரஞ்சனியின் போன் அடித்தது. வள்ளியம்மாவின் நம்பர், பேசியது தம்புசாமி.

"டாக்டரம்மா, இவ ரெண்டாவதா அவிச்ச கடலை பழையபடி கோலிக்குண்டு. என்கூடப் பேசவும் மாட்டேங்குறா. நீ படிச்ச பொண்ணு. எங்க வெயிட்டுல எத்தன விசில் விட்டா அந்த மாதிரி குழையும், சொல்லு."

ஐந்து என்று சொல்ல நிரஞ்சனி வாயைத் திறந்தாள். எதிரே டாக்டர் வீரசிங்கம் பேனாவை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள்," என்றாள், "விசில் கணக்கெல்லாம் சொல்ல மாட்டேன். கையில வாட்ச் கட்டியிருக்கீங்களா?"